வீடியோ ஒலியில் இரைச்சலைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை மாதத்து மதுரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒருவரைக் கேமரா முன் உட்கார வைப்பது எளிதன்று. வீட்டிலிருந்தே சமையல் குறிப்பும் பாடமும் பதிவு செய்வோர் பலரின் குரலோடு விசிறியின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. அதனைப் பெருஞ்செலவில்லாமல் குறைக்க முடியும். ஆயினும் இரைச்சலால் கெட்ட குரலைவிட, இரைச்சலை நீக்கப் போய்க் கெட்ட குரலையே எடிட்டிங்கில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அளவுக்கு மீறி நீக்குவதுதான் முதல் தவறு. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில், பேச்சில்லாமல் இரைச்சல் மட்டும் உள்ள பகுதியை மாதிரியாகக் காட்டினால், அது அதே வகை ஒலியை முழுப் பதிவிலும் தணிக்கிறது. அங்கே நீக்கும் அளவை 30 டெசிபல் (ஒலியளவின் அலகு) வரை ஏற்றினால் இரைச்சல் போய்விடும். குரலோ தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். விசிறிக் காற்றின் ஓசை பல அதிர்வெண்களிலும் பரவியிருப்பது. 'சாமி' என்று சொல்லும்போது சகரத்தில் எழும் காற்றொலியும் ஏறக்குறைய அத்தகையதே என்பதால், மென்பொருள் இரண்டையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறது. 6 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்திக்கொண்டு, 'ரெசிட்யூ' என்ற தெரிவைச் சொடுக்கி, நீக்கப்படும் ஒலியை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள். அதில் பேச்சு காதில் விழுந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

இந்த மாதிரிக்காகவே, பேசத் தொடங்குமுன் 10 வினாடிகள் அமைதியாக இருந்து அறையின் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும். பலர் அந்தப் பகுதியை வீணென்று முதலிலேயே வெட்டிவிடுகிறார்கள். இடையில் யாரேனும் விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பினாலும் பழைய மாதிரி பயன்படாது.

சீராக ஓடும் ஒலிக்கே இம்முறை பொருந்தும். மாசி வீதியில் ஆட்டோ அடிக்கும் ஹாரனையோ அடுப்படியில் குக்கர் விடும் விசிலையோ இதனால் நீக்க இயலாது. அது சொல்லின் மீதே விழுந்திருந்தால் அந்த வாக்கியத்தை மறுபடி பேசுவதே வழி. இரண்டு சொற்களுக்கு நடுவே விழுந்திருந்தால், வெட்டிய இடத்தை வெற்றாக விடாமல், முன்பு பதிந்த அறை ஒலியால் நிரப்ப வேண்டும், ஏனெனில் திடீரென்று எல்லாம் அடங்கிப்போவதும் காதை உறுத்தும்.

வரிசையிலும் கவனம் வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரசரைப் போட்டு ஒலியளவை உயர்த்திய பிறகு இரைச்சலை நீக்கப் புகுந்தால், மெல்லிய இரைச்சலும் ஏற்கெனவே மேலேறி வந்திருக்கும்.

செலவு செய்வதில் நேரும் தவறு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் தெருவோசை நின்றுவிடும் என்று நம்பி உழைப்பவர்கள் உண்டு. அந்த அட்டை வெளி ஓசையைத் தடுப்பதில்லை; அறையின் எதிரொலியைக்கூடச் சிறிதளவே மாற்றுகிறது. எதிரொலியைக் குறைக்க, வீட்டிலிருக்கும் பஞ்சு மெத்தையைப் பேசுபவருக்கு அருகே நிறுத்தி வைப்பது அதைவிட நன்று. மிகப்பெரிய பயன் தருவது மைக்கின் தூரமே: தூரம் பாதியாகும்தோறும் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடுகிறது. 2 மீட்டர் தொலைவிலிருந்த மைக்கை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அவ்வாறு மூன்று முறை பாதியாகி, சுமார் 18 டெசிபல் கிடைக்கிறது. குரலைச் சிதைக்காமல் எந்த மென்பொருளிலும் பெறக் கடினமான இந்த ஆதாயத்தை, பழைய வயர் இயர்போனின் மைக்கைச் சட்டையில் குத்தி வைத்தே பெறலாம்.

இறுதியாக, எது இரைச்சல் என்று முடிவு செய்வதிலும் பிழை நேர்கிறது. கள்ளழகர் வைகையில் இறங்கும் காட்சியை எடுத்து வந்து, கூட்டத்தின் ஆரவாரத்தை நீக்கித் தரும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து எழும் அந்த ஆரவாரத்தை மென்பொருள் இரைச்சலென்றே கொள்ளும்; நீக்கிவிட்டால் 'கோவிந்தா' முழக்கமும் தேய்ந்து, படம் உயிரற்றுப் போகும். அத்தகைய பதிவில் நீக்கும் கருவியையே தொடாமல், விளக்கவுரை வரும் இடங்களில் மட்டும் அந்த ஒலியைத் தாழ்த்தி, உரை முடிந்ததும் மீண்டும் உயர்த்திவிட வேண்டும்.