அஸ்டெக் சிலைக்குப் பின்னாலும் ஒரு சுற்றுப் போங்கள்

ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் ஆண்ட அஸ்டெக் மக்களின் மனித உருவச் சிலைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, முகத்தைப் பார்த்ததும் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுவது.

ஷிபே டோட்டெக் என்ற தெய்வத்தை எடுத்துக்கொள்வோம். எதிரே நின்றால் வாய் திறந்த ஒரு மனிதர், அவ்வளவுதான். கிட்டே போனால் உதட்டுக்குள் இன்னோர் உதடு தெரியும். மணிக்கட்டுக்குக் கீழே உபரியாக ஒரு ஜோடிக் கை துவண்டு தொங்கும். சிற்பிக்குக் கை செதுக்க வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதுகுப் பக்கம் போங்கள், கயிற்று முடிச்சுகள் வரிசையாக இருக்கும். பலியானவரின் உரித்த தோலைச் சட்டைபோல மாட்டிப் பின்னால் கட்டியிருக்கிறார். தொங்குவது செத்தவரின் கை. தோல் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரே கல்லில் காட்டியிருப்பவருக்கா கை செதுக்கத் தெரியாது?

பின்பக்கம் மட்டுமல்ல, அடிப்பக்கமும் உண்டு. 1790-இல் மெக்சிகோ நகரின் பெரிய சதுக்கத்தில் கிடைத்த கோவாட்லிக்குவே என்ற பெண் தெய்வத்தின் சிலை சுமார் இரண்டரை மீட்டர் உயரம். அது தரையில் அமரும் பரப்பிலும் பூமித் தெய்வத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். நிறுத்திய பிறகு யார் கண்ணுக்கும் படாது. ஆகவே எல்லாமே பார்க்கிறவர்களுக்காகச் செய்தது என்று நினைக்க வேண்டாம்.

நெஞ்சில் குழி இருந்தால் உடைந்துவிட்டது என்பார்கள். பல சிலைகளில் அது இதயமாகப் பச்சைக்கல் பதித்த இடம். வெறுமையான கண்குழிகளிலும் ஒரு காலத்தில் சிப்பியும் எரிமலைக் கண்ணாடியும் இருந்திருக்கும். கல்லின் சாம்பல் நிறமும் அசல் தோற்றமல்ல. மெக்சிகோ நகரிலுள்ள அஸ்டெக்குகளின் பெருங்கோயிலான டெம்ப்ளோ மயோரில், மழைத் தெய்வம் ட்லாலோக்கின் சன்னதி வாசலில் மல்லாந்திருக்கும் சாக்மூல் என்ற வகைச் சிலையில் இன்றும் வண்ணம் ஒட்டியிருக்கிறது.

அப்புறம், ஆள் மாறாட்டம். மெக்சிகோவின் பழைய நகரமான டூலாவின் உயரமான போர்வீரர் தூண்கள் அஸ்டெக் அல்ல, அவர்களுக்கு முந்தைய டோல்டெக் வேலை. கழுகு வேடமிட்ட புகழ்பெற்ற வீரர் சிலை அஸ்டெக்தான், ஆனால் கல்லல்ல, சுட்ட களிமண்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. வாஷிங்டனின் டம்பர்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தில், குந்தியபடி பிள்ளை பெறும் ஒரு பெண் உருவம் உண்டு. நெடுங்காலம் அதை அஸ்டெக் கலையின் உச்சமாகவே கொண்டாடினார்கள். இரும்பு உளியே இல்லாத அஸ்டெக் சிற்பிகள் கல்லால் கொத்தி, மணலால் தேய்த்துத்தான் வேலை செய்தார்கள். அந்தப் பெண்ணை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்ததோ, சுழலும் நவீனக் கருவிகளின் தடம்.