அமைச்சரின் மருமகளிடம் வங்கி ஏன் கேள்வி கேட்கிறது? அரசியல் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தில் எங்கோ ஒரு மூலையில் இந்தக் கேள்வி இருக்கும்: 'நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ முக்கிய அரசுப் பொறுப்பில் இருக்கிறீர்களா, இருந்திருக்கிறீர்களா?' பெரும்பாலானோர் படிக்காமலே 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்கு அது சரியான பதில்தான். ஓர் அமைச்சரின் மருமகளோ உச்ச நீதிமன்ற நீதிபதியின் மகனோ அதே வேகத்தில் டிக் அடித்தால்தான் தொல்லை.

முறைகேடான பணத்தை நேர்மையான பணம்போல் காட்டுவதுதான் பணச்சலவை. அதைத் தடுக்கும் விதிகளில் இவர்களுக்குத் தனிப்பெயர் உண்டு: அரசியல் சார்பு நபர்கள். வங்கிக்காரர்கள் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'பெப்' (PEP) என்பார்கள். நாட்டுத் தலைவர், அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், உயர்நிலை நீதிபதி, ராணுவத் தளபதி, தூதர், அரசு நிறுவனத் தலைவர், கட்சியின் மேல்மட்டப் பொறுப்பாளர் எல்லாம் இதில் அடக்கம். அலுவலகக் குமாஸ்தாவோ இடைநிலை அதிகாரியோ இதில் வரமாட்டார்.

பதவியில் இருப்பவரைக் கேட்கட்டும், குடும்பத்தை ஏன் இழுக்கிறார்கள் என்று கோபம் வருவது இயல்பு. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நைஜீரியாவை 1993 முதல் 1998 வரை ஆண்ட ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா கொள்ளையடித்த பணம் பல நாட்டு வங்கிகளில் கிடந்தது. அவருடைய மகன்களின் பெயரிலும் கணக்குகள் இருந்தன. திருடப்பட்ட பொதுப்பணம் திருடியவர் பெயரில் அரிதாகவே தங்கும் என்பதை உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது. 2003இல் ஐ.நா. ஏற்ற ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையும், எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பின் 12ஆவது பரிந்துரையும் குடும்பத்தினரையும் நெருங்கிய கூட்டாளிகளையும் சேர்த்தே பேசுகின்றன.

வங்கியின் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. இவை தடுப்பு விதிகள், குற்றவியல் விதிகள் அல்ல, பெப் என்பதாலேயே யாரையும் குற்றத்தோடு இணைத்துப் பார்க்கக் கூடாது என்று எஃப்.ஏ.டி.எஃப். 2013இல் தன் வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அவமானமாக எடுத்துக்கொள்பவர் மறைக்கிறார், மறைத்தது பின்னால் தெரியவரும்போது இல்லாத சந்தேகமும் பிறக்கிறது.

ஒரு பல் மருத்துவரை எடுத்துக்கொள்வோம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து மாமனார் அமைச்சராகிறார். மருத்துவரின் வருமானத்தில் எந்த மாற்றமும் இல்லை. வங்கியிலிருந்து கடிதம் வருகிறது: குடும்ப விவரம், வருமான ஆதாரம் வேண்டும், 30 நாள் அவகாசம். 'அவர் பதவிக்கும் என் கிளினிக்கிற்கும் என்ன சம்பந்தம்' என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார். அடுத்த மாதம் ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் நாளில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. அவர் கொடுக்க வேண்டியிருந்ததெல்லாம் வரிக்கணக்கு, கிளினிக்கின் வரவு செலவு, வீடு வாங்கிய பத்திரம், ஒரு பக்க விளக்கக் கடிதம். அவ்வளவுதான்.

குடும்பம் என்றால் யார் யார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் வாழ்க்கைத் துணைகள், பெற்றோர் எல்லாரும் வருகிறார்கள். மருமகனும் மருமகளும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. சேர்ந்து தொழில் நடத்தும் கூட்டாளி நெருங்கிய கூட்டாளி என்ற கணக்கில் வருவார்.

அப்புறம், ஆதாரம் கேட்கும்போது வரும் குழப்பம். பணத்தின் ஆதாரம் வேறு, செல்வத்தின் ஆதாரம் வேறு. இன்று கணக்கில் விழுந்த தொகை எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. உங்களிடம் உள்ள மொத்தச் சொத்தும் எப்படிச் சேர்ந்தது என்பது இரண்டாவது. வீடு விற்ற பணம் என்று கிரயப் பத்திரத்தை நீட்டினால் முதல் கேள்விக்குத்தான் பதில். அந்த வீட்டை எந்தப் பணத்தில் வாங்கினீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். தாத்தா சொத்து என்றால் உயில் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். பதவிக்கு வந்த பிறகு தேடுவதைவிட, தேர்தலில் நிற்க முடிவெடுக்கும்போதே இந்தத் தாள்களை ஒரே கோப்பில் சேர்த்துவைப்பது எவ்வளவோ நல்லது.

தொந்தரவு வேண்டாம் என்று டிரைவர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ கணக்கு தொடங்குவது மிக ஆபத்தானது. நேர்மையான பணமாகவே இருந்தாலும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பணச்சலவை போலவே தெரியும். பல நாடுகளில் அந்தச் செயலே குற்றம்.

பதவி போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி பதவி விலகிக் குறைந்தது 12 மாதம் கண்காணிப்பு நீடிக்கும். எஃப்.ஏ.டி.எஃப். காலக்கெடு எதுவும் வைக்கவில்லை, அபாயத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது.

எல்லா நாட்டிலும் ஒரே விதி என்று நம்புவதும் சிக்கலில் விடும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இந்த வகைப்பாடு வெளிநாட்டு அரசியல் பிரமுகர்களைத்தான் குறிக்கிறது. ஆகவே உள்ளூர் வங்கியில் இந்தக் கேள்வியையே சந்திக்காத அமைச்சரின் மகள், மேற்படிப்புக்கு வெளிநாடு போய்க் கணக்கு தொடங்கும்போது திகைத்து நிற்கலாம். கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவைத்தால் அந்தப் பெண் பதறமாட்டாள்.

வங்கிகள் பக்கமும் தவறு இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெப் என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்கை மறுப்பது 12ஆவது பரிந்துரைக்கே முரணானது. பிரிட்டனில் இதைப் பற்றி வந்த புகார்களுக்குப் பிறகு, 2024 ஜனவரியிலிருந்து உள்நாட்டு அரசியல்வாதிகளையும் அவர்கள் குடும்பத்தையும் குறைந்த அபாயம் உள்ளவர்களாகவே தொடக்கத்தில் கருத வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். அதனால் உங்களை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், வங்கியின் புகார்ப் பிரிவுக்கும் பிறகு குறைதீர்ப்பாளருக்கும் போங்கள். ஒன்று மட்டும்: சந்தேகமான பணப் பரிமாற்றம் பற்றி வங்கி அரசுக்கு ரகசியமாக அனுப்பும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை ஏதாவது அனுப்பினீர்களா என்று கிளை ஊழியரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். சொன்னால் அவர்தான் சட்டத்தை மீறியவர் ஆவார்.