பழைய சினிமா போஸ்டர்: படத்தின் வயதுக்குக் காசு கொடுக்காதீர்கள்

ஆடி, ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கும் வெளிநாட்டுக்காரர் வந்திறங்கும் நாட்களில், வவுனியாப் பக்கமும் கிளிநொச்சிப் பக்கமும் பழைய சாமான் விற்பவர்களிடம் சினிமா போஸ்டர்கள் முளைக்கத் தொடங்கும். "தம்பி, இது எங்கட அப்பப்பா வைச்சிருந்தது, அறுபத்தஞ்சாம் ஆண்டுப் போஸ்டர்" என்பார்கள். அறுபத்தைந்தாம் ஆண்டுப் படம், சரி. போஸ்டர் எந்த ஆண்டு என்பது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக எடுப்பதுதான் கனபேர் விடும் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஒருமுறை ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போனவை அல்ல. திரும்பத் திரும்ப ஓடின, ஓடும்போதெல்லாம் புதுசாகப் போஸ்டர் அடிக்கப்பட்டது. 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் திரும்பவும் தியேட்டருக்கு வந்தது; அந்தப் போஸ்டரைக் காட்டி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது, அதன் பளபளப்பே சொல்லிவிடும். ஆபத்து நடுவில் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மறு வெளியீட்டுக்கு அடித்தவையும் இப்போது பழசுதான், கடதாசி மஞ்சளாகி ஓரம் நொறுங்கி, கையில் எடுத்தால் அறுபதுகளில் அடித்தது போலவே இருக்கும்.

இணையத்தில் தேடினால் அமெரிக்கப் போஸ்டருக்கான விதிகள் வந்து விழும்: ஒரு ஷீட் என்ற வழக்கமான போஸ்டர் அளவு 27க்கு 41 அங்குலம், அடி ஓரத்தில் ஒரு இலக்கம், மறு வெளியீடு என்றால் அந்த ஆண்டுக்கு முன்னால் 'ஆர்' எழுத்து. அங்கே நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற ஒரே நிறுவனம் 1940 முதல் பல பத்தாண்டுகள் பெரும்பாலான படங்களின் போஸ்டர்களை வினியோகித்ததால் அது சரிவந்தது. சென்னைப் படத்துக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்லை. "ஆர் எழுத்து இல்லை, அப்ப ஒரிஜினல்தான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எங்கள் போஸ்டர்களில் ஆண்டைக் காட்டிக்கொடுப்பது பட்டங்கள். முகத்தைப் பார்த்து மயங்காமல் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று வாசியுங்கள். அறுபதுகளில் எம்.ஜி.ஆர். 'புரட்சி நடிகர்', 'மக்கள் திலகம்'. 'புரட்சித் தலைவர்' என்ற பட்டம் 1972 ஒக்டோபரில் அவர் கட்சி தொடங்கிய பிறகு வந்தது. ஆகவே 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' போஸ்டரில் 'புரட்சித் தலைவர்' என்று இருந்தால், விற்பவரின் அப்பப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அது முதல் வெளியீட்டுக்கு அடித்தது அல்ல. 'பாரத்' என்று போட்டிருந்தாலும் அதே கதைதான். 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்கு 1972இல் கிடைத்த தேசிய விருது அது. சிவாஜிக்குப் பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, செவாலியே 1995. ரஜினிக்கு 'சூப்பர் ஸ்டார்' 1978இல் 'பைரவி'யோடு வந்தது. 1975இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அவருக்குச் சின்ன வேடம், அதுதான் முதல் படம். அதன் போஸ்டரில் அவர் முகம் கமலுக்குச் சமமாக நின்றால், அவர் பெரிய ஆளான பிறகு யாரோ காசு பார்க்க அடித்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பிந்திய பட்டம் இருந்தால் போஸ்டர் பிந்தியது, அது உறுதி. பட்டம் இல்லாவிட்டால் முந்தியது என்று அர்த்தமில்லை. பழைய டிசைனை அப்படியே திரும்ப அடித்தவர்களும் உண்டு.

அடுத்தது அடிவரி. கீழ் மூலையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். சட்டம் போட்டவர்கள் அந்த ஓரத்தை மறைத்துவிடுவார்கள், சிலர் வேண்டுமென்றே வெட்டியும் விடுவார்கள். இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. ஊர்ப்பெயரோடு அஞ்சல் வட்டார எண் மட்டும் போட்டு 'சென்னை-2' என்று இருந்தால் பழைய வழக்கம், அது பிறகும் சிலகாலம் ஓடியிருக்கலாம். 'சென்னை-600 002' என்றோ 'சிவகாசி-626 123' என்றோ இருந்தால் 1972க்கு முன்னால் அடித்திருக்கவே முடியாது. ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' இல்லாமல் 'சென்னை' என்றிருந்தால் பெரும்பாலும் 1996க்குப் பிறகு. தணிக்கைக் குறியில் 'யு/ஏ' வந்தது 1983இல், அதற்கு முன் 'யு', 'ஏ' மட்டும்தான்.

எழுத்து வடிவத்தையும் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்புவதும் ஒரு தவறுதான். மேலே சுழி வைத்த பழைய லை, ளை, னை, ணை, காலை உள்ளே மடித்து எழுதும் ணா, றா, னா எல்லாவற்றையும் தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றியது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' தலைப்பிலேயே இரண்டு 'னா' இருக்கிறது, பார்த்தவுடன் தெரியும். ஆனால் தலைப்பை மறு வெளியீட்டுக்காரரும் பழைய அச்சுப் பிளாக்கிலிருந்து அப்படியே எடுத்துப் போடலாம். ஆகவே தலைப்பை விட்டு, கீழே இசை, வசனம், வெளியீடு என்று வரும் சின்ன வரிகளை வடிவாகப் பாருங்கள், அங்கேதான் புது எழுத்து தலைகாட்டும். அந்த ஆணை தமிழ்நாட்டுக்கானது, ஓவியர்களும் கைப்பழக்கத்தை ஒரே நாளில் விடவில்லை; எழுத்தை வைத்து "1978க்கு முன்" என்று சத்தியம் செய்ய முடியாது.

அழுக்கை வயது என்று நினைப்பது எங்கள் பகுதியில் ஆளை நன்றாக விழுத்தும் தவறு. வன்னியில் கடதாசி தப்புவது லேசில்லை. கறையான் ஒரு பக்கம், ஒழுகிய தறப்பாள் ஒரு பக்கம், போதாததற்கு இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் எதை விடுவது எதைத் தூக்குவது என்ற கணக்கு, அதில் போஸ்டர் எத்தனையாவது இடத்தில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தப்பியவை பெரும்பாலும் றங்குப்பெட்டியின் அடியில் விரித்தவையோ, சாமிப் படச் சட்டத்துக்குப் பின்னால் அட்டையாக வைத்தவையோதான். அப்படி வந்ததென்றால் ஆணித் துரு, சட்டத்தின் விளிம்புக் கோடு, பெட்டியின் அளவுக்கு மடித்த மடிப்பு என்று ஏதாவது பொருந்தி வரவேண்டும். முழுப் போஸ்டரும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் அது தேயிலைச் சாயமாக இருக்கலாம். உண்மையான பழுப்பு வெளிச்சமும் காற்றும் பட்ட ஓரத்தில் கூடும், உள் மடிப்பில் குறையும்.

மடிப்பின் மேல் விரலை ஓட்டுங்கள். உண்மையான மடிப்பில் மை வெடித்து, வெள்ளை நார் தெரியும், விரலுக்குச் சொரசொரக்கும், திருப்பினால் பின்பக்கமும் அதே கோடு இருக்கும். பழைய போஸ்டரை ஸ்கேன் பண்ணி அடித்ததென்றால் மடிப்பும் கிழிசலும் ஊசி ஓட்டையும் படமாகவே அச்சாகியிருக்கும்: கண்ணுக்கு மடிப்பு, விரலுக்கு வழுவழு. இப்படி ஓட்டை "அச்சடித்த" போஸ்டர்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சாப்பாட்டுக் கடைகள் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி ஓரத்தில் உண்டு, அலங்காரத்துக்கு என்றால் ஒரு குறையும் இல்லை.

மணிக்கூடு திருத்துபவரிடம் இருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி நிறத்தைப் பாருங்கள். ஆப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்காக, சின்னச் சின்னப் பூப்போல அடுக்கியிருக்கும். இன்க்ஜெட் என்றால் தூவிவிட்டது போல ஒழுங்கில்லாமல் கிடக்கும், அது புதுசு. கள்ள நோட்டுப் பார்க்கக் கடைக்காரர் வைத்திருக்கும் நீல லைட்டை இருட்டில் பிடித்து, கடதாசி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். வெளுப்பூட்டிய பிற்காலக் கடதாசி அப்படித்தான் ஒளிரும். ஒளிராவிட்டால் பழசு என்று முடிவெடுக்க வேண்டாம்.

இங்கத்தைய நோட்டீஸ்களுக்குத் தனிக் கணக்கு. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதி அதன் கைக்குப் போன பிறகு, இந்தியப் படங்கள் ஆண்டுக்கணக்கில் பிந்தி வந்தன. ஆகவே யாழ்ப்பாணம் வின்சர் தியேட்டருக்கோ ராணி தியேட்டருக்கோ அடித்த நோட்டீசின் தேதி படத்தின் ஆண்டுக்குப் பல வருடம் பிந்தி இருந்தாலும், அது இலங்கையில் முதல் வெளியீடாக இருக்கலாம், "ரீ ரிலீஸ்" என்று தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் ஆண்டு போடமாட்டார்கள், கிழமையும் தேதியும்தான். அதுவே போதும், போன் காலண்டரில் பின்னுக்குப் போய் அந்தத் தேதி அந்தக் கிழமையில் வந்த ஆண்டுகளைப் பாருங்கள். ஐந்து, ஆறு அல்லது பதினொரு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒத்துவரும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடும், மிச்சத்தைப் பட்டங்கள் சொல்லும்.

போனில் பேரம் பேசுகிறீர்கள் என்றால் காசு அனுப்ப முதல் மூன்று படம் கேளுங்கள்: அடி ஓரம் முழுக்க, பின்பக்கம், ஒரு மடிப்பு மிகக் கிட்ட. முகத்தின் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பவரிடம் வாங்க வேண்டாம். மறு வெளியீடு என்று தெரிந்தே வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள், எழுபத்தைந்தாம் ஆண்டு மறு வெளியீட்டுப் போஸ்டரும் இந்த மண்ணில் தப்பியிருந்தால் அரிதுதான், ஆனால் விலையை அந்த எழுபத்தைந்துக்குப் பேசுங்கள்.