ஐரோப்பிய ஒன்றியம்: ஆசிரியர் பயிலரங்கில் வாக்கெடுப்பு அமர்வை நடத்துவது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏபி (கல்லூரித் தரத்திலான பாடம்) ஐரோப்பிய வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்குக் கோடையில் பயிலரங்கு நடத்துவோர், மறுமலர்ச்சிக் காலம் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை வரை அனைத்தையும் ஒரே நாளில் சொல்லிவிட முயல்வதுண்டு. அந்தப் பாடத்திட்டம் ஏறத்தாழ 1450 முதல் இன்றுவரை நீள்வதால், மே மாதத் தேர்வு நெருங்கும்போது கடைசி அலகான சமகால ஐரோப்பாவுக்கு வகுப்பில் நேரம் மிஞ்சுவது அரிது. ஆகவே ஆசிரியர்களுக்குத் தேவை இன்னொரு வரலாற்றுச் சுருக்கம் அன்று. ஒன்றியம் எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை ஒரே வகுப்பில் மாணவர்கள் செய்து பார்க்கக்கூடிய பயிற்சிதான். நான் பின்பற்றும் முறை இது.

முதலில் ஒரே ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். 2035 முதல் புதிய கார்களின் கரியமில வாயு உமிழ்வை முற்றிலும் நீக்கக் கோரிய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அதை ஜூலை 2021இல் முன்மொழிந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 14 பிப்ரவரி 2023 அன்று 340க்கு 279 என்ற வாக்குகளில் ஏற்றது. மார்ச் தொடக்கத்தில் நடக்கவிருந்த, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றத்தின் வாக்கெடுப்பு, செயற்கை எரிபொருளுக்கு இடம் வேண்டும் என்று ஜெர்மனி வலியுறுத்தியதால் தள்ளிப்போய், 28ஆம் தேதிதான் நடந்தது.

அடுத்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நாட்டின் அட்டையைக் கொடுங்கள். அதில் மக்கள்தொகையும் அந்நாட்டின் கார் தொழில் பற்றிய இரண்டு வரிகளும் இருந்தால் போதும்.

வாக்கெடுப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். மன்றத்தில் இத்தகைய சட்டம் நிறைவேற 27 நாடுகளில் குறைந்தது 15 நாடுகளும், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காடும் ஆதரவாக இருக்க வேண்டும். தடுப்பதற்கோ குறைந்தது நான்கு நாடுகள் சேர்ந்து 35 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருக்க வேண்டும். ஒன்றியத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 45 கோடி என்பதால், தடுக்க விரும்புவோருக்குப் பதினைந்தேமுக்கால் கோடிக்கு மேல் தேவை. இச்சட்டத்துக்கு ஆதரவு தராத நான்கு நாடுகளை இத்தாலி 5.9 கோடி, போலந்து 3.7 கோடி, ருமேனியா 1.9 கோடி, பல்கேரியா 65 லட்சம் என்று பலகையில் கூட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு கோடியைச் சற்றே தாண்டும், தடுக்கப் போதாது. ஜெர்மனியின் 8.3 கோடியைச் சேர்த்ததும் இருபது கோடியைக் கடந்துவிடும். அந்த மார்ச் மாதத்தில் பெர்லினின் ஒரு தயக்கம் ஏன் 27 நாடுகளையும் காக்க வைத்தது என்பதை இந்தக் கூட்டல் எந்த விரிவுரையையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. பின்னர் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மட்டும் எதிர்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மூன்றும் சேர்ந்து இருபது கோடியைத் தாண்டினாலும் நான்காவது நாடு இல்லாமல் தடுக்க முடியாது. பெரிய நாடுகள் மட்டுமே கூடி முடக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விதி இருக்கிறது.

மன்றத்தின் இணையதளத்தில் வாக்குக் கணிப்பான் உண்டு. நல்ல கருவிதான், ஆயினும் கையால் கூட்டி முடிக்கும் வரை அதைத் திறக்காதீர்கள். எண்கள் திரையில் தாமாக மாறும்போது விதி மனத்தில் பதிவதில்லை. படக்காட்சியைவிடப் பெரிய தாளும் தடித்த பேனாவுமே இந்த அமர்வுக்கு ஏற்றவை.

கடைசி ஒரு மணி நேரத்தை, ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கான பாடக்குறிப்பை அங்கேயே எழுதி முடிக்க விட்டுவிடுங்கள். இதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த குறிப்பு செப்டம்பரில் வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதில்லை.

பிற்சேர்க்கை: இதை வகுப்பில் செய்து பார்த்த ஆசிரியர் ஒருவர், நடுநிலை வகிக்கும் நாட்டை எப்படி எண்ணுவது என்று கேட்டிருந்தார். இவ்வகை வாக்கெடுப்பில் நடுநிலையும் எதிர்வாக்கைப் போன்றே விளைவைத் தரும், ஏனெனில் ஆதரவு வாக்குகள் மட்டுமே வரம்பை எட்ட உதவுகின்றன. உண்மையான வாக்கெடுப்பில் போலந்து எதிர்த்தது; இத்தாலியும் ருமேனியாவும் பல்கேரியாவும் நடுநிலை வகித்தன. அதனால்தான் மேலே நான்கையும் ஒரே பக்கத்தில் கூட்டினோம். ஒருமனதாக முடிவெடுக்க வேண்டிய வரி, வெளியுறவு போன்ற துறைகளில் நிலைமை வேறு: அங்கே நடுநிலை வகிப்பது முடிவைத் தடுக்காது. வகுப்பில் 27 பேர் இல்லையென்றால் ஒருவரிடம் இரண்டு மூன்று அட்டைகளைக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாட்டின் வாக்கையும் அவர் தனித்தனியே அறிவிக்க வேண்டும்.