வெலண்ட் கால்வாயில கப்பல் மேல ஏறுறதப் பாக்கப் போறியளோ?

ரொறன்ரோவில இருந்து நயாகரா போற எங்கட ஆக்கள் கனபேர் அருவியப் பாத்து, படம் எடுத்து, சாப்பிட்டுட்டுத் திரும்பிடுவினம், ஆனா அந்த அருவி விழுற மேட்டை 740 அடி நீளக் கப்பலே ஏறிக் கடக்கிறத வழியில சென் கதரின்ஸில நிண்டு பாக்கலாம், தயவுசெய்து ஒருக்கா இறங்குங்கோ.

வெளிக்கிட முந்தி கப்பல் எத்தினை மணிக்கு வருகுதெண்டு பாருங்கோ. கால்வாய நடத்துற சீவே நிறுவனத்தின்ட வெப்சைற்றில பாக்கலாம், மரைன் ட்ராஃபிக் அப்பிலயும் கப்பல் எங்க நிக்குதெண்டு தெரியும். இதைப் பாக்காமப் போனா மணிக்கணக்கா வெறும் தண்ணிதான். ஜனவரி தொடக்கத்தில கால்வாயப் பூட்டினா மார்ச் கடைசியிலதான் திறப்பினம், அந்த நேரம் போகாதேங்கோ.

முதல்ல லொக் 3. லொக் எண்டா முன்னுக்கும் பின்னுக்கும் கதவு போட்ட பெரிய தொட்டி, தண்ணிய ஏத்தி இறக்கிக் கப்பலை மேல கீழ கொண்டுபோறது. மியூசியத்துக்குப் பக்கத்திலயே உயரத்தில நிண்டு பாக்கிற மேடை இருக்கு. ஜிபிஎஸ்ஸில 1932 வெலண்ட் கனால்ஸ் பார்க்வே எண்டு போடுங்கோ, கால்வாய் திறந்த வருசமும் 1932 தான்.

ஒன்டாரியோ ஏரியில இருந்து ஈரி ஏரிக்குப் போற கப்பலாப் பாத்து நில்லுங்கோ, அதுதான் வடிவு. பள்ளத்துக்குள்ள மெல்ல மெல்ல நுழையும். லொக்கின்ட அகலம் 80 அடி, பெரிய கப்பல் 78 அடி, அப்ப ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடிதான் மிச்சம், பாக்கிற எங்களுக்கே மூச்சு நிக்கும். பின்கதவு சாத்தினதும் மேல இருக்கிற தண்ணி தன்ட பாட்டில உள்ள இறங்கும், பம்ப் ஒண்டும் இல்லை. அந்த நேரம் கப்பலப் பாக்காதேங்கோ, எதிர்ச் சுவரைப் பாருங்கோ, ஈரம் ஊறின சுவர் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணிக்குள்ள தாழும், பத்து நிமிசம் மட்டில கீழ கிடந்த கப்பல் கிட்டத்தட்ட 14 மீற்றர் எழும்பி உங்களுக்கு நேர நிக்கும்.

பிறகு காரை எடுத்துக்கொண்டு தொரோல்ட்டுக்குப் போங்கோ, கப்பல் ஆறுதலாத்தான் வரும், அவசரம் வேண்டாம். அங்க 4, 5, 6 மூண்டு லொக்கும் படி மாதிரி ஒண்டோட ஒண்டு, அதுவும் ரெட்டை ரெட்டையா, ஒரு கப்பல் ஏறேக்க பக்கத்தில இன்னொண்டு இறங்கலாம். கடைசியா லொக் 7. அதால வெளிக்கிட்டா கப்பல் மேட்டுக்கு மேல. போகேக்க பின்பக்கத்தில அது பதிஞ்ச துறைமுகத்தின்ட பேர் எழுதியிருக்கும், பிள்ளையளை அதை வாசிக்கச் சொல்லுங்கோ.