ஊர்ப்பணியில் உளவியல் படிநிலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுய உதவிக் குழுப் பயிற்சியானாலும் குளம் சீரமைப்புக் கூட்டமானாலும், திருநெல்வேலிச் சீமையில் இப்போது ஒரு சார்ட் தவறாமல் சுவரில் ஏறிவிடுகிறது. அடியில் அகலம், உச்சியில் கூர்: மனிதத் தேவைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கும் மாஸ்லோவின் முக்கோணம். அது இல்லையென்றால் வாழ்நாளைப் பிரிக்கும் எரிக்சனின் எட்டுப் பருவங்கள், நியாயம் பற்றிய யோசனையை அளக்கும் கோல்பெர்க்கின் ஆறு படிகள், டக்மேனின் குழு வளர்ச்சிக் கட்டங்கள். எல்லாம் பயனுள்ளவைதான், நானும் எடுத்துப்போகிறேன். ஆனால் எல்லாமே ஏணிகள். யார் மேலே, யார் கீழே என்று தெருவாரியாக ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற ஊருக்குள் இன்னொரு ஏணியோடு நுழைகிறோம் என்ற நினைப்பு பயிற்றுநருக்கு வேண்டும். அது இல்லாமல் போவதால் வருகிற தவறுகளே அதிகம்.

சோறு முதலில், மரியாதை பிறகு என்று எடுத்துக்கொள்வது

மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் முக்கோணப் படமே கிடையாது. அது பின்னால் நிர்வாகப் பயிற்சிக்காரர்கள் வரைந்தது. ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைந்த பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்று எண்ணிவிடாதீர்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எச்சரிக்கிறார். சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன் திறனை முழுதாக வெளிக்கொணர்தல் 10 என்று ஒரு பேச்சுக்குக் கணக்கும் போட்டுக் காட்டுகிறார். அதாவது எல்லாத் தேவையும் ஒரே நேரத்தில் அரைகுறையாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்துக் கோயில் கொடையைப் பாருங்கள். வட்டிக்கு வாங்கியாவது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் தலைக்கட்டு வரியைக் கட்டிவிடுவார்கள். பயிற்சிக்கு வருகிறவர் அதை 'வீண் செலவு' பட்டியலில் எழுதுகிறார். சிக்கனம் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். வரி கட்டினால்தான் அந்தக் குடும்பம் ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. 'உங்க வரி வேண்டாம்' என்று ஊர் சொல்லிவிட்டால், நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம். அவசரத்துக்குக் கைமாற்று கிடைப்பதும், மகளுக்கு வரன் சொல்வதும் அந்தச் சேர்த்தியில்தான் நிற்கின்றன. முக்கோணத்தின் நடுவில் இருக்க வேண்டிய 'சேர்ந்திருத்தல்' இங்கே அடித்தளமாகக் கிடக்கிறது. எந்தத் தெருவின் வரியை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பது சாதிச் சண்டையாக வெடிக்கக்கூடிய இடமும் அதுதான். வீண் செலவு என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறவர் ஊரின் பாதியைப் பார்க்காமல் திரும்புகிறார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும்போதே, வீட்டிலிருந்த அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். முக்கோணத்தை அப்படியே நம்புகிறவர் இதை விதிவிலக்கு என்பார். இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒரு பேச்சை வைத்து ஆளை அளப்பது

குழுவில் ஒருத்தி தவணை கட்டவில்லை. விதிப்படி அபராதம். மூத்த உறுப்பினர் சொல்கிறார்: "அவ மவளுக்குப் பேறுகாலம் நெருங்கிட்டு. இந்த மாசம் கேக்காண்டாம் மைனி, அடுத்த மாசம் சேத்துத் தந்துருவா." கோல்பெர்க் படித்துவிட்டு வந்தவர் இதை மூன்றாம் படி என்று குறித்துக்கொள்வார்: உறவுக்காக விதியை விட்டுக்கொடுக்கிறார், கொள்கை அளவுக்கு இன்னும் வரவில்லை.

கோல்பெர்க்கின் படிகள் 1958-இல் முடித்த ஆய்விலிருந்து பிறந்தவை. அதில் இருந்தது 72 அமெரிக்கப் பையன்கள். ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. உறவையும் பொறுப்பையும் முன்வைத்து யோசிக்கிற பெண்கள் இந்த அளவுகோலில் கீழே தள்ளப்படுகிறார்கள் என்று உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982-இல் வாதிட்டார். அந்த மூத்த உறுப்பினரின் முடிவில் உள்ள விவரத்தை எண்ணிப் பாருங்கள்: வீட்டு வரவு, பிரசவச் செலவு, இந்தப் பெண் இதுவரை கட்டிய பழக்கம், அபராதம் போட்டால் அவள் கந்துவட்டிக்காரரிடம் போவாளா என்ற யோசனை. இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் வைத்தவருக்கு மூன்றா நான்கா என்று மதிப்பெண் போடுவது பயிற்றுநரின் வேலை இல்லை.

குழுக்களுக்குத் தரம் போடுகிறார்களே என்று கேட்கலாம். அந்தத் தரம் பஞ்சசூத்திரத்தைப் பார்த்துப் போடுவது: கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்கு நோட்டு. நோட்டைப் பார்த்துச் சொல்கிற தரம் அது. உள்ளே இருக்கிற பெண்களின் மனதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பழக்கத்துக்குச் செய்ததைப் பிழைப்புக்குப் பொருத்துவது

இது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. உளவியலாளர்கள் புரோசாஸ்கா, டிக்ளமென்டே இருவரும், ஒருவர் பழக்கத்தை மாற்றும்போது கடந்துபோகிற 'மாற்றத்தின் கட்டங்களை' உருவாக்கியது சிகரெட்டை விட முயன்றவர்களைக் கவனித்து. அதையே முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களிடம் மாற்றுத் தொழில் பயிற்சிக்குக் கொண்டுவருகிறோம். தையல் கற்றுக்கொள்ள முன்வராதவர் 'இன்னும் யோசிக்கவே தொடங்காத' கட்டத்தில் இருப்பதாக அறிக்கை போகிறது.

அந்தப் பெண்கள் பயிற்சிக்கே சொளவோடுதான் (முறத்தோடுதான்) வருவார்கள். மடியில் வெட்டிய இலை, தூள், நூல். தலை நம்மைப் பார்க்கும், விரல் நிற்காது. சாயங்காலத்துக்குள் கடையில் கட்டுகளை ஒப்படைத்தாக வேண்டும். கேட்டுப் பாருங்கள்: பி.எஃப். இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பீடித் தொழிலாளர் உதவித்தொகை வருகிறது, வீட்டில் இருந்தபடியே மாமியாரையும் பார்த்துக்கொள்ளலாம். தையல் மிஷின் வாங்கிவிட்டு வேலைக்கு எங்கே போவது? யோசித்து முடித்தவர்களைத்தான் யோசிக்காதவர்கள் என்று எழுதுகிறோம். சிகரெட்டை விடுவது பெரும்பாலும் ஒருவர் கையில் உள்ள காரியம். கூலியும் வேலையும் அப்படி இல்லை.

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்திலும் இதே கதை. கடைமடை விவசாயி கூட்டத்துக்கு வராவிட்டால் 'ஈடுபாடு குறைவு' என்பார்கள். முதலில் அவர் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அமைதியை ஒற்றுமை என்று நம்புவது

கூடுதல், மோதல், இசைதல், செயல்படுதல் என்று டக்மேன் 1965-இல் வகுத்தது, பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றி வந்த கட்டுரைகளைப் படித்து. கூடுவதும் கலைவதும் முன்பே திட்டமிட்ட, ஓர் அறைக்குள் நடக்கிற குழுக்கள் அவை. நம் கூட்டத்தில் உட்காருகிறவர்களுக்குத் தாத்தா காலத்து வாய்க்கால் தகராறுவரை நினைவிருக்கும். இங்கே மோதல் கட்டம் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. வந்தால் அது கூட்டத்தோடு முடியாது. இரண்டு தெருக்காரர்கள் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் 'இசைந்துவிட்டார்கள்' என்று குறிக்கவும் வேண்டாம். தனித்தனியாக அவரவர் தெருவிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் பிறகு கூட்டத்தைக் கூட்டுங்கள்.

பிறகு எதற்குத்தான் இவை?

நம் கேள்விகளைத் திருத்திக்கொள்ள. உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னபடி, ஒருவர் தனியாகச் செய்வது எது, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வது எது என்று கேட்டால் கணக்கு நோட்டு எழுத யாரை யாரோடு உட்கார வைப்பது என்று தெரிந்துவிடும். எரிக்சனின் ஏழாம் பருவம் அடுத்த தலைமுறைக்கு எதையாவது விட்டுச்செல்லும் பருவம். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட ஊரில், பத்தமடையில் கோரைப்பாய் நெய்யத் தெரிந்தவர் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார் என்ற கேள்வியை அது எழுப்பும்.

மூன்று நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்து 'ஒரு படி உயர்ந்தார்கள்' என்று எழுதுவதை விட்டுவிடலாம். அந்த மாதிரிகள் பேசுவது வருடக்கணக்கான மாற்றத்தை. நிதி தருகிறவர்கள் வரைபடம் கேட்பார்கள். போன வருடம் நோட்டைத் தொடாத யார் இப்போது எழுதுகிறார், கடைமடைக்காரர் சொன்னது தீர்மானத்தில் ஏறியதா என்று இரண்டு பத்தி எழுதி, தீர்மான நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.