கோழி விடும் மண்ணில் நாம் செய்யும் தவறுகள்

குஞ்சு சிறகைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். உடனே தீனியைச் சந்தேகப்படுகிறோம், அப்புறம் மருந்துக்கு ஓடுகிறோம். காலடி மண்ணை யாரும் பார்ப்பதில்லை. இந்த இரத்தக் கழிச்சலுக்குக் காரணமான கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. சூடும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே அடுத்த குஞ்சைத் தொற்றத் தயாராகிவிடும். மட்டக்களப்பு மாரியில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.

அதனால் மாரி தொடங்கிய பிறகு வளவைத் திருத்தப் போவதுதான் முதல் தவறு. ஆனி, ஆடி, ஆவணி வெயில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். கொக்சிடியாவைக் கொல்வதில் மண்ணின் உலர்வுக்கும் வெயிலுக்கும் இருக்கும் வலு, கடையில் வாங்கி ஊற்றும் கிருமிநாசினிக்கு இல்லை. அதன் முட்டையின் தடித்த ஓட்டை வழக்கமான கிருமிநாசினிகள் துளைப்பதில்லை. போதாததற்கு, மண்ணிலும் எச்சத்திலும் கலந்தவுடன் அந்த மருந்து வலுவிழந்தும் போகிறது.

சரி, மண்ணைக் கொத்திப் புரட்டிவிடலாமே என்று தோன்றும். எச்சத்தை வழிக்காமல் கொத்தினால் அதோடு விழுந்த குடற்புழு முட்டைகளையும் வெயில் படாத இடத்தில் நாமே புதைத்துக் காப்பாற்றுகிறோம். உருண்டைப் புழுவின் முட்டை ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். முதலில் மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் மண்வெட்டியால் வழித்து எடுங்கள். அதன் பிறகு கொத்தி, ஒரு வாரமாவது வெயிலில் காயவிடுங்கள். வழித்த மண்ணைக் கோழி கிளறாத மூலையில், கிணற்றுக்குத் தூரமாகக் குவியுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணலில் தண்ணீர் நிற்காது, ஆனால் முட்டைகள் அங்கேயே தங்கிவிடும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிமண்ணில் தண்ணீரும் நிற்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாருங்கள்: கையை விரித்த பிறகும் உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தில் கோழி விடக்கூடாது. அங்கே கிறவலோ மணலோ போட்டு நிலத்தை உயர்த்தி, சுற்றிவரச் சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். சமையலறைக் கழிவுநீர் வந்து விழும் இடம் எந்த மண்ணானாலும் வேண்டாம்.

சுண்ணாம்பு தூவுவது நல்லதுதான், ஈரத்தை உறிஞ்சும். ஆனால் தூவிய அன்றைக்கே கூட்டைத் திறந்துவிடுகிறார்கள்! கோழியின் காலும் கண்ணும் வெந்துபோகும். மண்ணோடு நன்றாகக் கலந்து, சில நாள் விட்டுத்தான் திறக்க வேண்டும். எச்சத்தை வழிக்காமல் அதன் மேலேயே சுண்ணாம்பைத் தூவுவதும் வீண்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. பெரிய கோழிகள் நோய் காட்டாமலே ஒட்டுண்ணியைச் சுமந்து திரியும். அவை கிளறிய மண்ணிலேயே குஞ்சுகளையும் இறக்குகிறோம். முதல் இரண்டு மாதம் தாய்ப்பேட்டையும் குஞ்சுகளையும் தனியாக, கோழி நடமாடாத சுத்தமான இடத்தில் உமி பரப்பி வையுங்கள். நனைந்த உமியை அன்றன்றே அள்ளி எறியுங்கள். தவிட்டையும் குறுணலையும் நிலத்தில் வீசாமல் தட்டில் வையுங்கள்.

புழு மருந்து கொடுத்துவிட்டு அதே அழுக்கில் திறந்துவிட்டால் கொடுத்த மருந்து வீண். மருந்துக்குப் பின் இரண்டு நாள் அடைத்து வைத்து, விழும் எச்சத்தை அள்ளிவிட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளவில் இடம் இருந்தால் பழைய மீன்வலையால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் கோழி, மறு பாதியில் சோளமோ மரவள்ளியோ. பயிர் எடுத்ததும் கோழியை மறு பாதிக்கு மாற்றிவிட்டால் புழு முட்டை முழுவதும் அழியாது, ஆனாலும் சுமை குறையும்.

தண்ணீர்ச் சட்டியையும் கவனியுங்கள். நிலத்தில் வைத்த சட்டியைச் சுற்றி எப்போதும் ஈரவட்டம் ஒன்று இருக்கும்; வெயில் மாதத்திலும் கொக்சிடியா பிழைத்திருக்கும் இடம் அது. கல் வைத்து, கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சட்டியை இடம் மாற்றுங்கள்.